அடுத்த மாதத்துக் கட்டங்கள்

– பென்சில் வேண்டாம். காலண்டர்ல பென்சில்ல எழுதினா அவன் நம்ப மாட்டான். அந்தப் பேனாவை எடு.

– தப்பாயிட்டா அழிச்சுக்கலாமேன்னு சொன்னேன் அக்கா. துணியிலகூட சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுத்தானே கத்திரி வைக்கிறேன்?

– துணி உன்னைக் கேள்வி கேக்காது. என் பிள்ளை கேப்பான். அழிச்ச தடம் கண்ணுல பட்டா போதும், ராத்திரி பூரா அந்தக் கட்டத்தையே விரலால தேச்சுக்கிட்டு இருப்பான்.

– சரி, பேனாவே இருக்கட்டும். ஆனா சட்டுபுட்டுன்னு முடிக்கணும். வாஷிங் மெஷின் சுத்தற வரைக்கும்தான் உங்க பிள்ளை, நம்ம தெரு ஆபீசர், அசையமாட்டார். அது நின்னுச்சுன்னா இறங்கி வந்து என் கடைப் பூட்டை இழுத்துப் பாத்துட்டு, அது பத்தாதுன்னு என்னையும் ஒரு முறை முறைச்சுட்டுப் போவார்.

– போர்வை, திரைச்சீலை எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டு வந்திருக்கேன். மெதுவாத்தான் சுத்தும். இங்கேருந்தே பால்கனி தெரியுது பாரு. மெஷின் முன்னாடியே உக்காந்திருக்கான்.

– முதுகைப் பாருங்களேன், பரீட்சை எழுதற மாதிரி. நாப்பது வயசு முதுகுன்னு யாராவது சொல்லுவாங்களா?

– முடி நரைச்சாச்சு. நீ தூரத்துல இருந்து பாக்கறே. மெடிக்கல் சார் எங்க? வர்றேன்னாரே?

– வர்றார், வர்றார். இந்தத் தெருவைக் கடக்க அவர் ரெண்டு பக்கமும் பாத்து, ஒரு தடவை யோசிச்சு, திரும்பிப் போய் கல்லாவைப் பூட்டினோமான்னு பாத்து... தோ, வந்தே வந்துட்டார். வாங்க சார். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. குண்டூசி இருக்கான்னு தடவிப் பாத்துட்டு உக்காருங்க.

– அதாவது, கடையைச் சாத்திட்டு வந்திருக்கேன். ரொம்ப நேரம் இருக்க முடியாது. டீச்சர், மூச்சு எப்படி இருக்கு? படி ஏறினா வாங்குதா?

– உங்க மாத்திரை உள்ள போனா வாங்க மாட்டேங்குது. மாத்திரை வேகம் இறங்கினதும் வாங்குது. அதை விடுங்க சார். திங்கக்கிழமை, ஒண்ணாம் தேதி, என்னை அட்மிட் பண்றாங்க. வால்வை மாத்தணுமாம். இனிமே தள்ளிப்போட்டா ஆபரேஷனுக்கே உடம்பு தாங்காதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்.

– எப்ப வீட்டுக்கு அனுப்புவாங்களாம்?

– அதைத்தான் நானும் கேட்டேன். "பாப்போம்மா"ன்னார். பாப்போம்னு எந்தக் கட்டத்துல எழுதறது?

– எந்தக் கட்டம்?

– இந்தாங்க சார், இந்தக் காலண்டர். இது அக்கா வீட்டு சமையல்கட்டுல தொங்கும். இதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் அந்த வீட்டுல நடக்கும். முடி வெட்டற நாள், நகம் வெட்டற நாள், வீடு துடைக்கிற நாள். எழுதாதது எதுவும் நடக்காது. எழுதினது நடக்காம இருக்காது. அடுத்த மாசத் தாள் இன்னும் வெறுமனே இருக்கு. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டோம்.

– புரியுது. அதாவது, டீச்சர் திரும்பி வர்ற நாளை எழுதணும். நான் என்ன சொல்ல வர்றேன்னா, கொஞ்சம் தள்ளியே எழுதிடுங்க. மாசக் கடைசியில. முன்னாடியே வந்துட்டா சந்தோஷம்தானே?

– பாத்தீங்களா அக்கா, நானும் அதையேதான் சொன்னேன். கடைசிக் கட்டத்துல அம்மான்னு எழுதிடுங்கன்னு.

– எழுத மாட்டேன்.

– டாக்டர்தான் பயப்பட ஒண்ணுமில்லைன்னு...

– டாக்டர் சொல்லலை. நீ சொல்றே. எழுத மாட்டேன்னா எழுத மாட்டேன்.

– சரி, கோவிச்சுக்காதீங்க.

– டீச்சர், எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாளா கேக்கணும். நான் இந்தத் தெருவுக்குக் கடை போட வந்த புதுசுல, வியாழக்கிழமை உங்க கேட் முன்னாடி வண்டி நிறுத்தாதீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் இன்னைக்கு வரைக்கும் நிறுத்தினதில்ல. மருந்து இறக்க வர்ற வண்டிக்காரன்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஏன்னு மட்டும் கேட்டதில்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

– அக்கா, நான் சொல்லட்டுமா?

– வேண்டாம், நானே சொல்றேன். இவனோட அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம் சார். வீட்டுல அவரைக் காணோம்னதும் இவன் இந்தக் காலண்டரைக் கழட்டிக்கிட்டு வந்து என் மடியில வச்சான். வாயால கேக்கத் தெரியாது. அவன் கேக்கற விதம் அதுதான். நான் வியாழக்கிழமை கட்டத்துல அப்பான்னு எழுதினேன். டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். புதன்கிழமை அவர் போயிட்டார்.

– அடக் கடவுளே.

– உடம்பை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இவன் பாத்தான். தொட்டும் பாத்தான். ஆனா அது புதன்கிழமை சார். புதன்கிழமை கட்டத்துல அப்பா இல்ல. மறுநாள் காலையில குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கிட்டு கேட் பக்கத்துல போய் நின்னான். அன்னைக்கு அப்பா வரலைன்னா அடுத்த வியாழன் வருவார். இல்லைன்னா அதுக்கடுத்தது. அவனுக்கு அந்த வியாழக்கிழமை இன்னும் முடியலை.

– வண்டி வந்து நிக்க இடம் வேணும்ல சார். ஆஸ்பத்திரி வண்டி. அதுக்குத்தான் தெருவே இடம் விட்டு வச்சிருக்கு. மழை பெஞ்சா யாராவது போய் குடை பிடிப்போம். அவரா பிடிச்சுக்க மாட்டார். நீங்களும் ஒரு நாள் பிடிச்சிருக்கீங்க.

– பிடிச்சிருக்கேன். யாரோ பஸ்ல வர்றாங்க, அவங்களுக்காக நிக்கிறார் போலன்னு நினைச்சேன்.

– நான் செத்தாக்கூட அவன் அழுதுட்டுப் போயிடுவான், அது எனக்குப் பயமில்ல. நான் வருவேன்னு எழுதிட்டுச் செத்தாத்தான் பயம். அப்புறம் வாரத்துல இன்னொரு நாளும் கேட்ல நிப்பான். அதனால இந்தத் தாள்ல எங்கேயும் அம்மா கிடையாது. யார் யார் நிச்சயமா வருவாங்களோ அவங்க பேரு மட்டும்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆள். நான் பிழைச்சு வந்தா வந்த அன்னைக்கு எழுதிக்கிறேன்.

– வரலைன்னா... மன்னிக்கணும் டீச்சர். கேக்காம இருக்க முடியலை.

– கேளுங்க. கேக்கறதுக்குத்தான் கூப்பிட்டேன். வரலைன்னா அதுக்கடுத்த மாசத்துத் தாளையும் நீங்களே எழுதணும். அதுக்கடுத்ததையும்.

– எவ்வளவு நாளைக்கு?

– அவனோட தாத்தா தொண்ணூறு தாண்டி இருந்தார். பல்லெல்லாம் கெட்டியா இருந்துச்சு.

– அக்காவுக்கு ஆபரேஷன் தியேட்டர்ல படுக்க வச்சாலும் கிண்டல் போகாது.

– கிண்டல் இல்லடி. நிஜமாவே அதைத்தான் நினைச்சுக்கிட்டு முழிச்சுக் கிடக்கிறேன்.

– உங்க பொண்ணு இருக்காங்களே டீச்சர்?

– இருக்கா. வீடியோவுல வந்து அழுவா. ஒரு தடவை இவனை அங்க கூட்டிட்டுப் போனோம். மேல் மாடி வீடு. லிஃப்ட் மூடற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கிட்டு கீழயே, செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உக்காந்துட்டான். மாப்பிள்ளை தங்கமானவர். பாய் தலையணையோட வந்து கூடவே கீழ படுத்தார். ஆனா கட்டடத்துல இருக்கிற மத்தவங்க விடணுமே? சின்னக் குழந்தைங்க இருக்கிற இடம்னு சொல்லிட்டாங்க. இவன் அந்தக் குழந்தைங்களைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

– அதாவது, இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னு விடுதி, பள்ளிக்கூடம்னு...

– பள்ளிக்கூடம் பதினெட்டு வயசு வரைக்கும் சார். கடைசி நாள் கேக் வெட்டிக் கை தட்டினாங்க. நாளைலேருந்து எங்க அனுப்பறதுன்னு கேட்டேன். வீட்டுக்குன்னாங்க. குழந்தைன்னா ஆயிரம் பேர் வருவாங்க, போட்டோ எடுப்பாங்க. மீசை முளைச்சதுக்கு அப்புறம் யாரும் வர்றதில்ல. விடுதியும் போய்ப் பாத்தேன். சுத்தமாத்தான் இருந்துச்சு. எல்லாருக்கும் மத்தியானமே தூக்க மருந்து குடுத்துடுவோம், தொந்தரவே இருக்காதுன்னு பெருமையாச் சொன்னாங்க. எல்லாரும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

– அக்கா, அதெல்லாம் எதுக்கு இப்ப? நாம இருக்கோம்ல. தெருவே இருக்கு. சொல்றேன்ல, ஒரு குறையும் வராது.

– அப்ப ஆரம்பிக்கலாம். முதல்ல யாருக்கு எந்த நாள்னு வாயால பேசிடுவோம். பேனா அப்புறம். ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த கட்டடத்து வாட்ச்மேன் சரின்னுட்டார். அவருக்கு அன்னைக்கு லீவு.

– நல்ல மனுஷன். அவருக்கு சாப்பாடு எப்படி வைக்கணும்னு தெரியுமா?

– சொல்லிக் குடுத்துட்டேன். உங்களுக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க. சாப்பாட்டைத் தட்டுல வைக்கும்போது ஒண்ணு மேல ஒண்ணு பட்டுடக் கூடாது. பட்டா அன்னைக்குப் பட்டினி. பெல்லை ஒரு தடவைதான் அடிக்கணும். கதவு திறக்கலையேன்னு திருப்பி அடிக்கக் கூடாது. நின்னா திறப்பான். உள்ள போனதும் எப்படி இருக்கே, சாப்பிட்டியான்னு ஆரம்பிக்காதீங்க. நேரா காலண்டர்கிட்ட போய் உங்க கட்டத்தைத் தொடுங்க. அவன் வந்து டிக் போடுவான். அதுக்கப்புறம்தான் நீங்க அவனுக்கு ஆள். அது வரைக்கும் நீங்க நாற்காலி மாதிரி.

– என்னை ரொம்ப நாள் நாற்காலியாத்தான் வச்சிருந்தார் சார். ஒரு தடவை என் மேலயே குடையை மாட்டிட்டுப் போயிட்டார்.

– மாத்திரையை நீங்களே குடுக்கணும். முழுங்கினதும் டம்ளரைக் கவுத்து வைப்பான். கவுக்கலைன்னா முழுங்கலைன்னு அர்த்தம். சாயந்திரம் விளக்கு போட்டுட்டுக் கிளம்பலாம். அவனே பூட்டிக்குவான். பூட்டறதுல அவனை அடிச்சுக்க ஆளில்ல.

– அதாவது, டீச்சர், ஒரு சந்தேகம். பேரை எழுதிட்டா அன்னைக்கு வராம இருக்கவே முடியாதா?

– முடியாது.

– எனக்குக் காய்ச்சல்னா?

– மருந்துக்கடையே வச்சிருக்கிறவருக்குக் காய்ச்சலாம்! சார், ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்து நில்லுங்க. ஒரு மனுஷி உசுருக்குப் போராடப் போறா, இவருக்குக் காய்ச்சல் கவலை.

– இல்லம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா, ஒத்துக்கிட்டு அப்புறம் கையை விரிக்கக் கூடாது பாருங்க. அதுக்கு முன்னாடியே கேட்டுக்கறது நல்லது.

– அவர் கேக்கறது சரிதான். நீ சும்மா இரு. சார், இங்க பாருங்க. முடியலைன்னா இப்பவே முடியலைன்னு சொல்லிடுங்க. நான் வருத்தப்பட மாட்டேன். கட்டத்துல பேர் இருந்து ஆள் வரலைன்னாத்தான் அவன் தாங்க மாட்டான். பெல் அடிக்கும் அடிக்கும்னு கதவுக்குப் பின்னாடியே நிப்பான். சாப்பிட மாட்டான், பாத்ரூம் போக மாட்டான். ஒரு தடவை முடி வெட்டறவர் வர மறந்துட்டார். நெத்தியைக் கதவுல முட்டி முட்டி ரத்தம் வந்த அப்புறம்தான் நான் பாத்தேன்.

– செவ்வாய்க்கிழமை போட்டுக்குங்க டீச்சர்.

– நிஜமாவா?

– வெள்ளியும் போட்டுக்குங்க. அந்த ரெண்டு நாளும் கடையை மூடிட்டு வந்துடறேன். அதுக்கு மேல என்னால முடியாது. வீட்டுல அவங்களை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

– அட! சார், உங்களைப் போய் கஞ்சப் பிரபுன்னு நினைச்சேனே. வாயை ஊசி நூலால தச்சுக்கணும் நான்.

– அதுல ஒண்ணும் இல்லம்மா. ஒரு நாள் டீச்சர் பிள்ளை என் கடைக்கு முன்னாடி வந்து நின்னார். என்ன வேணும்னு கேட்டேன், பதில் இல்ல. நகரவும் இல்ல. வாடிக்கையெல்லாம் பயந்து போயிடுச்சு. எனக்குக் கோவமான கோவம். கடைசியிலதான் தெரிஞ்சுது, என் கடிகாரம் பின்தங்கி ஓடுது. முள்ளைத் திருப்பி வச்சேன், உடனே கிளம்பிட்டார். இன்னைக்குத் தேதிக்கு என் வாழ்க்கையில ஒழுங்கா ஓடறது அந்தக் கடிகாரம் ஒண்ணுதான்.

– நன்றி சார். பள்ளிக்கூடத்துல அவ்வளவு பேசினவ, இப்ப வார்த்தை வர மாட்டேங்குது.

– அழாதீங்க அக்கா. படபடப்பு ஆகாது உங்களுக்கு. டீ சொல்லட்டுமா? சார், டீ?

– டீ வேண்டாம். மிச்சம் திங்கள், புதன், வியாழன், சனி. நாலும் உன்னுது. நீ எப்படியும் தினம் அவனைப் பாக்காம இருக்க மாட்டே. வியாழக்கிழமை மட்டும் சாயந்திரம் போனாப் போதும், அது வரைக்கும் கேட்லதான் நிப்பான். என்ன, எழுதவா?

– இருங்க அக்கா. மெஷின் நின்னுடுச்சா பாருங்க.

– சுத்துது. இங்கேருந்தே தெரியுதே. எழுதறேன். திங்கள்...

– வேண்டாம்க்கா. கொஞ்சம் இருங்க. வாட்ச்மேனை இன்னொரு நாள் கேட்டுப் பாக்கலாமா?

– அவருக்கு ஒரு நாள்தானே லீவு?

– மாடி வீட்டுக்காரங்க?

– அவங்க இவனைக் கண்டா பிள்ளையை இழுத்துக்கிட்டு உள்ள போறவங்க. உனக்குத் தெரியாதா? என்னடி ஆச்சு உனக்கு? இவ்வளவு நேரம் அவரை விரட்டினே.

– டெய்லரம்மா, சொல்லிடுங்க.

– சார், நீங்க சும்மா இருங்க.

– நான் சொல்றது முறையில்ல. நீங்களே சொல்லிடுங்க. பேனா கையில எடுத்தாச்சு. இதுக்கு மேல மறைச்சா அது நியாயமில்ல.

– என்ன மறைக்கிறாங்க? என்ன சார்? எனக்குத் தெரியாம என்ன?

– அதாவது... அவங்க வீட்டுக்காரர் கடைக்கு வந்து மருந்து வர்ற அட்டைப்பெட்டி இருந்தா குடுங்கன்னு கேட்டார். இருந்ததெல்லாம் எடுத்துட்டுப் போனார். பாத்திரம் கட்டறதுக்குன்னு சொன்னார்.

– பாத்திரமா? எங்க போறீங்க?

– என் பேரை எழுதாதீங்கக்கா. எந்தக் கட்டத்துலயும் எழுதாதீங்க. நான் அடுத்த வாரம் போறேன்.

– எங்கடி போறே?

– பொண்ணு வீட்டுக்கு. ஒரேயடியா. கடையையும் விட்டுடறோம். உங்க ஆபரேஷன் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இப்பச் சொன்னா நீங்க ஆஸ்பத்திரிக்கே போக மாட்டீங்கன்னு...

– அப்ப இத்தனை நாளா "நான் இருக்கேன்ல, நான் இருக்கேன்ல"ன்னு சொன்னது?

– சொல்லாம என்ன பண்றது? உங்க முகத்தைப் பாத்தா அதுதான் வாயில வருது.

– நல்லா இருக்குடி. ரொம்ப நல்லா இருக்கு. அவர் ஒவ்வொண்ணையும் யோசிச்சுக் கேட்டார், அவரை நீ நையாண்டி பண்ணினே. உன்னை நம்பித்தான் நான் ஆபரேஷனுக்கே தலையாட்டினேன். கூடப் பிறந்த தங்கச்சிகூட இவ்வளவு செய்ய மாட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கொஞ்ச நாள் பொறுத்துப் போனா உன் பொண்ணு என்ன கோவிச்சுக்குவாளா?

– அக்கா, திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க.

– எனக்குத் திட்டத் தெம்பில்ல. காரணம் சொல்லு. சொந்த வீடு கட்டிட்டாங்களா? மாப்பிள்ளைக்குப் பெரிய உத்தியோகமா?

– பேரனுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சுக்கா.

– தெரியும். நீதான் சட்டை தச்சு அனுப்பினே. அதுக்கென்ன?

– கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதில்லையாம்.

– காதுல ஏதாவது...

– காது நல்லா கேக்குதாம். அடுத்த ரூம்ல ஃப்ரிட்ஜ் திறந்தா ஓடி வர்றான். அம்மான்னு சொல்லிக்கிட்டிருந்தான், அதையும் விட்டுட்டான். தூக்கினா வளைஞ்சுக்கிட்டு நழுவறான். பொண்ணு போன்ல என்ன சொன்னா தெரியுமா? "அம்மா, நம்ம தெரு ஆபீசர் மாமா மாதிரியே இருக்கான்மா, நீ வந்துடும்மா, எனக்கு ஒண்ணும் புரியலை"ன்னா. நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க? உங்க பக்கத்துல இருந்து இத்தனை வருஷம் பாத்திருக்கேன். அவ தனியா இருக்கா.

– டெய்லரம்மா, இதை நீங்க என்கிட்டகூட...

– எப்படிச் சார் சொல்றது? இவங்க முன்னாடி நின்னுக்கிட்டு, எங்க வீட்டுலயும் அப்படி ஆயிடுச்சேன்னு அழுதா, இவங்க பிள்ளையைப் பாத்து அழற மாதிரி இருக்காதா?

– சக்கரத்தைச் சுத்தி விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கானா?

– ஆமாக்கா. காரைக் கவுத்துப் போட்டு.

– கண்ணைப் பாக்கறானா?

– பொண்ணை மட்டும் எப்பவாவது. மாப்பிள்ளையைப் பாக்கறதேயில்ல. அவர் தினம் ஆபீஸ்லேருந்து வந்து பிள்ளை முன்னாடி உக்காந்து பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடறாராம்.

– கூப்பிட வேண்டாம்னு சொல்லு. பக்கத்துல உக்காந்து அவரும் ஒரு காரைக் கவுத்துப் போட்டுச் சுத்தச் சொல்லு. பேச்சு அப்புறம். நீ எதுக்கு அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கே? முன்னாடியே கிளம்பு. இந்த வயசுல ஒவ்வொரு நாளும் கணக்கு. எனக்கு அப்ப யாரும் சொல்லலை.

– நீங்க போகச் சொல்றீங்களாக்கா?

– போகாதேன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? உன் பொண்ணு கூப்பிட்ட மாதிரி கூப்பிட எனக்கும் ஒருத்தி இருந்திருந்தா... போ. கண்ணைத் துடை. துணி மேல சொட்டுது, யாரோட துணியோ.

– நீங்க என்ன பண்ணுவீங்க?

– டீச்சர், இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நான் நாலு பேர்கிட்ட பேசிப் பாக்கறேன். மளிகைக்கடையில, முடி வெட்டறவர்கிட்ட...

– மளிகைக்கடையில மாசத்துக்கு ஒரு ஆள் மாறறான். முடி வெட்டறவர் ஏற்கெனவே ஒரு தடவை மறந்தவர். அவரைக் குத்தம் சொல்லலை, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. நடுவுல நாலு வெறும் கட்டம். வெறும் கட்டம்னா அவன் யாருக்கும் கதவைத் திறக்க மாட்டான் சார். சாப்பாடு வெளியேயே இருக்கும்.

– அக்கா, மெஷின் நின்னுடுச்சு. எந்திரிச்சுட்டார்.

– தெரியுது.

– டீச்சர், திங்கக்கிழமை அட்மிஷன். இனிமே தள்ளக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதா நீங்கதானே சொன்னீங்க?

– ஆமா, சொன்னார். திங்கக்கிழமை நான் போகலை. அந்தப் பேனாவை இப்படிக் குடு. எல்லாக் கட்டத்துலயும் அம்மான்னே எழுதிடறேன்.